வண்டியின் பின்னால்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பலகை அடித்து அறை பிரித்து வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் புருஷன் பெண்சாதி சண்டைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ரேடியோவைக் கூட்ட வேண்டும். பிறகு குரலைக் குறைக்க வேண்டும். செய்தி வாசிக்கும்போது நிறுத்திக்கொண்டு, பாட்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். யோகராஜும் அனுஷியாவும் வெசாக் பண்டிகைக்கு முந்திய வாரம் முழுக்க இப்படித்தான் சண்டை பிடித்தார்கள். பக்கத்து அறைக்காரர்களுக்குச் சண்டை கேட்கவில்லை. பாட்டுத்தான் காதைப் பிய்த்தது.

சண்டை, அனுஷியாவின் நாற்பதாயிரம் ரூபாவைப் பற்றியது. வெள்ளவத்தையில் ஒரு சாறிக் கடையில் காலையிலிருந்து இரவு ஏழு மணி வரை நின்றபடி வேலை செய்கிறவள் அவள். சித்திரை வருஷத்துக்கு முதலாளி கொடுத்த போனஸோடு தன் மிச்சத்தையும் சேர்த்து வைத்திருந்தாள். அதில் யோகராஜின் முதுகை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. தான் செய்த விளையாட்டைப் போனில் போட வேண்டும் என்பது அவன் கட்சி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தொகைதான் வந்தது, யாரோ பார்த்து வைத்த மாதிரி.

யோகராஜ் புறக்கோட்டையில் நாட்டாமி. லொறியிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் புடவைக் கட்டுகளையும் கைவண்டியில் ஏற்றிக் குறுக்குத் தெருக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. ஒரு வண்டிக்கு இரண்டு பேர். முன்னால் நிற்கிறவன் கைப்பிடியைப் பிடித்து இழுப்பான். ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சந்து கண்டுபிடிப்பது, "சைட், சைட்" என்று கத்துவது, ஏச்சு வாங்குவது, திருப்பி ஏசுவது எல்லாம் அவன் பொறுப்பு. பின்னால் நிற்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு தள்ள வேண்டும். அவ்வளவுதான். யோகராஜ் ஆறு வருஷமாக இந்த வேலை செய்தான். ஏப்ரலில், வருஷப் பிறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு புடவைக் கட்டை இறக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுஷியாதான் கூட்டிப் போனாள். டொக்டர் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். "ககுல ஹிரிவட்டெனவாத?" கால் விறைத்து மரத்துப்போகிறதா, நடக்கும்போது இழுபடுகிறதா, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா. யோகராஜ் எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னான். விறைப்பு இல்லை, இழுபடவில்லை, உணர்ச்சி நன்றாக இருக்கிறது. டொக்டர் மாத்திரை எழுதினார், பாரம் தூக்காதே என்றார், ஸ்கேனுக்கு ஒக்டோபரில் திகதி கொடுத்தார். கால் விறைத்தால் மட்டும் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வரச் சொன்னார். ஒக்டோபர் வரை பொறுக்க முடியாதென்றால் வெளியில் காசு கொடுத்து எடுக்கலாம்.

வண்டியின் சொந்தக்காரர் ஸவாஹிர் நானா நல்ல மனுஷன். ஒரு மாதம் பார்த்தார். பிறகு, வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று சொல்லியனுப்பினார். அவருக்கும் வண்டி ஓட வேண்டுமே.

இனி விளையாட்டு. யோகராஜ் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஏ.எல். வரை படித்துவிட்டு வந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பழைய லெப்டொப் வாங்கி, யூடியூபைப் பார்த்துப் பார்த்து, கணினி விளையாட்டுச் செய்கிற ஒரு மென்பொருளைப் பழகியிருந்தான். கேம் எஞ்ஜின் என்பார்கள். அது சும்மா கிடைத்தது. செய்வதும் சும்மா, செய்ததைக் கணினியில் ஓட விடுவதும் சும்மா. போனில் ஓடுகிற மாதிரி வெளியே எடுப்பதற்குத்தான் வருஷத்துக்கு இவ்வளவு டொலர் என்று கட்ட வேண்டும். அதை இந்த ஞாயிற்றுக்கிழமை வரை பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பாதி விலைதான் நாற்பதாயிரம்.

வியாழக்கிழமை மாலை மழை பெய்தது. மே மாதத்து மழைக்குக் கொழும்பில் நேரம் காலம் கிடையாது. அனுஷியா பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்தபடி வந்து, சாறியைக்கூட மாற்றாமல் ரொட்டிக்கு மாப் பிசைந்தாள். யோகராஜ் பாயில் ஒருக்களித்துப் படுத்து, பிளாஸ்டிக் முக்காலியில் லெப்டொப்பைச் சாய்த்து வைத்திருந்தான். அவன் எட்டி ரேடியோவைக் கூட்டினான். இன்றைக்கும் உண்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் மூணு நாள்தான் அனு. ஞாயித்துக்கிழமையோட பாதி வெல முடிஞ்சிரும்."

"ஸ்கேனுக்கும் பாதி வெல போட்டா சொல்லுங்க. ரெண்டையும் பண்ணிருவோம்."

"ஸ்கேன் என்னா சொல்லப் போவுது? பாரம் தூக்காதன்னு சொல்லும். அத நானே சொல்றேன். தூக்கல."

"தூக்காம எப்புடி சாப்பிடுறது?"

"அதுக்குத்தான் இது."

"கம்பியூட்டர்ல ஓடுதுல்ல. அதயே வித்தா என்னா?"

"நாட்டாமி எவன்கிட்ட கம்பியூட்டர் இருக்கு? பஸ்ல போறவன் எவன்கிட்ட இருக்கு? எல்லாரு கையிலயும் போன்தான் இருக்கு. லிங்க் அனுப்புனேன், தொறக்கவே டேட்டா முடிஞ்சி போச்சுங்கறான். போன்ல ஏறுனாத்தான் அது கேம். இல்லாட்டி ஏம் பொழுதுபோக்கு."

அனுஷியா ரொட்டியைத் தட்டில் போட்டு, கட்டைச் சம்பலை ஓரத்தில் வைத்து நீட்டினாள். வயிறெரிந்தாலும் கை தட்டை நீட்டத்தானே செய்யும். "முதுகுக்குள்ள என்னா இருக்குன்னு தெரியாம எனக்கு ராத்திரில தூக்கம் வருதில்ல," என்றாள். "நீங்க பொரண்டு படுத்தாக்கூட எனக்கு நெஞ்சு பக்குங்குது. அத வச்சுக்கிட்டு நா எப்புடி கேமுக்கு சல்லி கட்டுறது?"

ரேடியோவில் செய்தி தொடங்கியது. இருவரும் ரொட்டியைத் தின்றார்கள்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லை. மழைக்கு யார் சாறி எடுக்க வருவார்கள். விரித்துக் காட்டிய சாறிகளை மடித்துக்கொண்டே அனுஷியா, கூட வேலை செய்கிற ஹம்சிகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஹம்சிகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நீர் அந்த கேமை ஒருக்கா விளையாடிப் பாத்தனீரோ?"

"இல்ல. எனக்கு அதெல்லாம் வெளங்காது."

"விளங்காமலே ஒரு கிழமையாச் சண்டை பிடிக்கிறீர்?"

"முதுகு வெளங்குது ஹம்சி. அதுக்குத்தான் சண்டை."

ஹம்சிகா ஒரு முந்தானையை நீவி மடித்தாள். "இஞ்ச பாரும். சாறி வாங்க வாறவைக்கு நெசவு தெரியுமோ? தொட்டுப் பாக்கினம், பிடிச்சா எடுக்கினம். நாளைக்கு வெசாக் போயா, கடையில்லை. அவற்ற ஆக்களிட்டயே கொண்டுபோய்க் காட்டும். பம்பலடிச்சுச் சிரிச்சுப்போட்டுப் போச்சினம் எண்டா ஸ்கேனை எடும். இன்னொருக்கா தா எண்டு கேட்டினம் எண்டா யோசியும். எதுக்கும் பாங்குக்கு அடிச்சு, பாங்க் காட்டை வெளிநாட்டுக்குக் காசு கட்டத் திறந்துவிடச் சொல்லி வையும். பிறகு கடைசி நேரத்தில ஓடித் திரியாதேயும்."

அனுஷியா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வங்கிக்குப் போன் எடுத்தாள். யோகராஜிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் சம்மதம் கிடைத்துவிட்டது என்று குதிப்பான் என்று பயந்தாள்.

சனிக்கிழமை வெசாக் பௌர்ணமி. தெருவெல்லாம் வெளிச்சக் கூடு கட்டியிருந்தார்கள், மழைக்குப் பயந்து பாதிக் கூடுகளுக்குப் பொலித்தீன் போட்டிருந்தது. கிராண்ட்பாஸ் சந்தியில் சும்மா ஐஸ்கிரீம் கொடுக்கும் தன்சலுக்குக் காலையிலேயே வரிசை நின்றது. புறக்கோட்டை பூட்டிக் கிடந்ததால் நாட்டாமிமார் எல்லாரும் வழக்கமான தேநீர்க் கடையில் இருந்தார்கள். நடுவில் பௌஸி. யோகராஜோடு ஒரே வண்டியில் ஆறு வருஷம் நின்றவன், கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. அனுஷியாவைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் பிளேன்டீ சொல்லிவிட்டான்.

யோகராஜ் லெப்டொப்பை மேசையில் வைத்துத் திறந்தான். திரையில் புறக்கோட்டை விரிந்தது. அனுஷியா முதல் முறையாகப் பார்த்தாள். மெயின் வீதிக் கூட்டம், குடை விற்கிறவன், நடுத் தெருவில் நிறுத்திய லொறி, சாக்கடையோரம் நனைந்து கிடக்கும் அட்டைப் பெட்டிகள், எல்லாம் இருந்தன. ஒரு கைவண்டி. முன்னால் அசல் பௌஸியைப் போல ஒருவன், பின்னால் ஒருவன். விளையாடுகிறவன் ஆட்டுவது பின்னால் நிற்கிறவனை.

பௌஸி முதலில் உட்கார்ந்தான். வாழைக்குலை மாதிரி விரல்களால் பொத்தான்களைத் தட்டி இரண்டாவது நிமிஷமே வண்டியைப் பழக்கடைக்குள் விட்டான். கடையே சிரித்தது. "இன்னொரு தரம், இன்னொரு தரம்," என்றான். அவனை எழுப்பிவிட்டு இன்னொரு நாட்டாமி, ரொனி, உட்கார்ந்தான். ரொனியைத் தள்ளிவிட்டு இன்னொருவன். தேநீர் ஆறி ஆடை படிந்தது. கடைக்காரர் வடைத் தட்டோடு வந்தவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார். "இத போனுக்கு போடு யோகு, என்ட மகனுக்கு ஒண்டு எடுக்கணும்," என்றார். இத்தனை நாளாகத் தன் புருஷன் பாயில் கிடந்து செய்ததை இத்தனை பேர் முண்டியடித்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்று அனுஷியாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காமல் விட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கட்டிவிடலாம் என்று மனசு சாய்ந்தது அந்த இடத்தில்தான்.

ரொனிக்கு மட்டும் ஒரு குறை. "எல்லாம் சரி மச்சான். ஆனா ஏன் பின்னுக்கு நிக்கிறவன ஆட்டச் சொல்ற? ரோட்டே தெரியுதில்ல. முழு நேரமும் பௌஸிட முதுகத்தான் பாக்க வேண்டியிருக்கு. அத பாக்க சல்லி குடுக்கணுமா?"

மறுபடி சிரிப்பு. யோகராஜ் சிரிக்கவில்லை. "அதான் கேமே," என்றான். "பின்னால உள்ளவனுக்கு ரோடு தெரியாது. முன்னால உள்ளவன் தோள் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துத்தான் இவன் தள்ளணும்."

அனுஷியாவும் பேச்சில் கலந்துகொள்ள ஆசைப்பட்டாள். "நீங்க எப்பவும் முன்னுக்குத்தான நிப்பீங்க? ஒங்களுக்கு எப்புடி பின்னுக்கு நிக்கிறவன் கணக்கு இவ்வளவு தெரியும்?"

பௌஸி அவனை முந்திக்கொண்டான். "அது முந்தி தங்கச்சி. போன டிசம்பர் நத்தார்ல இருந்து இவன் பின்னுக்குத்தானே. நாங்கதான் மாத்தின. இடது கால் இழுபட்டுக்கிட்டு ஈந்தது, பாதம் தரையில தேயும். பின்னுக்கு நிண்டா வண்டில சாஞ்சிக்கிட்டே வரலாம், ஆரும் காண மாட்டாங்க. எங்கட ஆக்கள்ல ஆருக்கு கால் போனாலும் அப்பிடித்தான் செய்யிற. ஸவாஹிர் நானாட காதுக்கு போனா எடம் பெய்த்திரும்தானே." சொல்லிக்கொண்டே வந்தவன் அனுஷியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "தெரியாதா ஒங்களுக்கு?"

மேசையைச் சுற்றி நின்ற ஒருவரும் யோகராஜைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புறக்கோட்டையில் வண்டி இழுக்கிற அத்தனை பேரும் ஐந்து மாதமாக மூடி மறைத்துக் காத்த விஷயத்தை, அதே பாயில் பக்கத்தில் படுக்கிறவள் மட்டும் அறியவில்லை. அனுஷியா எழுந்து வெளியே போனாள். யோகராஜ் லெப்டொப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். அவன் நடையை அவள் இப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாளும் முதுகு நோவில் அப்படிச் சாய்ந்து நடக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

கடையின் தகரத் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் கயிறாக விழுந்தது. இங்கே ரேடியோ இல்லை, யாருக்கும் பயப்படத் தேவையுமில்லை. ஆனாலும் பழக்க தோஷம், அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"டொக்டர் கேட்டாருல்ல. நா பக்கத்துலதான் நின்னேன். கால் விறைக்குதான்னு கேட்டாருல்ல."

"கேட்டாரு."

"ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னா அங்கயே வாட்டுல போட்டிருவாங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அதுக்குள்ள வண்டில எடம் போயிரும். போன எடம் திரும்பிக் கெடைக்காது அனு."

"ஆமான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருப்பாங்க. ஒரு சதம் இல்லாம. ஒக்டோபரும் இல்ல, நாப்பதாயிரமும் இல்ல." "ஒரு கிழமையா எதுக்குங்க சண்ட புடிச்சோம்?"

தன்சல் வரிசையில் நின்றவர்கள் மழைக்கு ஒதுங்கி வந்து தாழ்வாரத்தில் இவர்களை நெருக்கினார்கள். அனுஷியாவுக்கு இன்னொன்று உறைத்தது. வண்டி வேண்டாம், கேம் செய்து பிழைப்பேன் என்று இராப்பகலாக உயிரை வாங்கியவன், வண்டியில் இடம் போய்விடும் என்றுதான் காலை மறைத்திருக்கிறான். அந்த விளையாட்டை அவனே நம்பவில்லை. அவளை மட்டும் நம்பச் சொல்லியிருக்கிறான். அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

அவள் கையை நீட்டி ஒரு ஓட்டோவை மறித்தாள். "ஆஸ்பத்திரிக்கு," என்றாள். யோகராஜ் வீட்டுக்குப் போய்ச் சாரத்தை மாற்றிக்கொண்டு போகலாம் என்றான். "ஏறுங்க," என்றாள். அவன் ஏறினான்.

போயா நாளானாலும் ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தது ஓர் இளம் டொக்டர். யோகராஜைப் படுக்க வைத்து, ஒரு சாவியின் முனையால் இடது பாதத்தில் கோடு இழுத்தார். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். யோகராஜின் நெற்றியில் வியர்வை பூத்தது, விரல் எழும்பவில்லை. எவ்வளவு காலமாக என்று கேட்டார். யோகராஜ் அனுஷியாவைப் பார்த்தான். "தெசெம்பர்," என்றான். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு ஒரு கணம் அவனையே பார்த்தார், பிறகு வேகமாக எழுதத் தொடங்கினார். இன்றைக்கே வாட்டில் சேர வேண்டும், நாளைக்கு ஸ்கேன், பெரும்பாலும் ஒப்பரேஷன். கால் பழையபடி வருமா என்று அனுஷியா கேட்டாள். சொல்ல முடியாது, இவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது என்றார்.

அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவள் கையில் அவனுடைய சேர்ட்டும் செருப்பும் லெப்டொப் பையும் மிஞ்சின. பார்வையாளர் நேரம் ஐந்து மணிக்கு. மணி மூன்றே கால்.

நடைபாதை வாங்கில் உட்கார்ந்து அவள் முதலில் அழுதாள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். குடித்துவிட்டு யோசித்தாள். ஸ்கேனுக்குக் காசு வேண்டாம், சரி. வெளியில் மருந்து வாங்கச் சொன்னால்? வாடகைக்கு? அந்த நாற்பதாயிரத்தை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதுதான் புத்தி. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கால் கொஞ்சம் தேறினால் இந்த மனுஷன் என்ன செய்வான் என்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். மறுபடி போய் வண்டியின் பின்னால் நிற்பான். ஆட்கள் மறைப்பார்கள். அடுத்த தடவை அவளுக்குச் சொல்ல ஒரு பௌஸி இருக்க மாட்டான்.

போனை எடுத்துப் பௌஸியை அழைத்தாள். "நானா, திங்கக்கிழம வேற ஆள போட்டுக்குங்க. ஸவாஹிர் நானாகிட்ட நீங்களே சொல்லிருங்க. இனி அவரு வரமாட்டாரு." "நீங்க செய்றது சரிதான் தங்கச்சி," என்றான் பௌஸி. அவன் குரலும் நன்றாக இல்லை.

பிறகு லெப்டொப்பைத் திறந்தாள். பணம் கட்டும் பக்கத்தை அவன் மூடாமலே வைத்திருந்தான், ஒரு கிழமையாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். போனிலிருந்து இணைப்பைக் கொடுத்து, வங்கி அட்டையைப் பார்த்துப் பார்த்து இலக்கங்களை அடித்தாள். ஒரு இலக்கம் பிழைத்து மறுபடி அடித்தாள். போனுக்கு ஆறு இலக்கம் வந்தது. அதையும் அடித்தாள். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்கள்.

ஐந்து மணிக்கு மணியடித்து உள்ளே விட்டார்கள். நெடுகக் கட்டில்கள். யோகராஜ் ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். அடுத்த கட்டில்காரர் பாணைப் பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கட்டிட்டேன்," என்றாள்.

"எத?"

"போனுக்கு எடுக்குற சல்லி. ஒரு வருசத்துக்கு."

அவன் முகம் மலரும் என்று அவள் ஒரு மூலையில் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். அவன் முகம் வெளிறிப் போனது. "ஏன்டீ ஒரு வார்த்த கேக்கல? ஒப்பரேஷன் செய்யணும்கிறாங்க. கால் வராமப் போனா என்னா செய்வ?"

"வந்தா நீங்க என்னா செய்வீங்க?"

"வந்தா வண்டி இருக்குல்ல. பௌஸி எப்புடியும் எடத்த புடிச்சு வைப்பான்."

"பௌஸி நானாகிட்ட பேசிட்டேன். வேற ஆள போடச் சொல்லிட்டேன். எடம் இல்ல இனி."

அவன் ஏசுவான் என்று காத்திருந்தாள். அவன் ஏசவில்லை. கூரையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. "அனு, அத எவனாவது வாங்குவானான்னே எனக்கு தெரியாது," என்றான்.

"எனக்கும் தெரியாது."

தான் செய்தது சரியா, இருந்த ஒரே கதவையும் சாத்திவிட்டோமா என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு, அவன் இடது பாதத்தைப் பிடித்தாள். குளிர்ந்து போயிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பிறகு நகம் பதியும்படி அழுத்தினாள்.

"தெரியுதா?"

அவன் அவளைப் பார்த்தான்.

"இல்ல அனு," என்றான். "ஒண்ணும் தெரியல."